விடையை நாளைக்குச் சொல்லுங்கள்

இங்கு புதிதாக வந்து சேரும் எமது குடும்பங்களைச் சந்திக்கும்போது அநேகமாக எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். "டொச் கொஞ்சம் தடக்கினாலும் பரவாயில்லை, பிள்ளை கணக்கிலை கெட்டி, அது காப்பாற்றும்." இதில் பாதி உண்மை. கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு என்ற அளவில் எமது பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. மற்றப் பாதி மூன்றாம் வகுப்பில் வசனக் கணக்கு வரும்போது தெரியவரும். 'ரெக்ஸ்ட் அவுவ்காபன்' என்று இங்கே சொல்கிறார்கள். அரைப் பக்கத்துக்கு ஒரு கதை இருக்கும். அதற்குள் நாலைந்து எண்கள் கிடக்கும். எந்த எண் தேவை, எது சும்மா கிடக்கிறது, கேட்கிற கேள்விதான் என்ன என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்குக்கு மொழி தேவையில்லை என்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். 20 யூரோ விலையான ஒரு பொருளின் விலையை 'உம் 5' குறைத்தார்கள் என்றால் ஐந்தால் குறைத்தார்கள், இப்போது விலை 15. 'அவுவ் 5' குறைத்தார்கள் என்றால் ஐந்துக்குக் குறைத்தார்கள், இப்போது விலை 5. இரண்டெழுத்துச் சொல் ஒன்று மாறினால் பத்து யூரோ வித்தியாசம். எண்களைச் சொல்லும் முறையும் தலைகீழ். நாங்கள் நாற்பத்தேழு என்பதை அவர்கள் 'ஏழும் நாற்பதும்' என்பார்கள். வந்த புதிதில் 47 என்று சொல்ல 74 என்று எழுதும் பிள்ளை கணக்கில் மக்கு இல்லை. காது இன்னும் தமிழில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் மகள் இப்போது நான்காம் வகுப்பு. சென்ற வருடம் பெற்றோர் சந்திப்புக்கு நாங்கள் இருவரும் போனபோது ஆசிரியை கொப்பியை விரித்துக் காட்டினார். நல்ல மனுஷி, மெதுவாகத்தான் கதைத்தார். ஆனாலும் எங்களுக்கு முழுவதும் பிடிபடவில்லை. மகள்தான் மொழிபெயர்த்தாள். தன்னைப் பற்றிய குறையைத் தானே தமிழில் சொல்ல வேண்டிய நிலை எட்டு வயதுப் பிள்ளைக்கு. "ரீச்சர் சொல்லுறா, நான் வாசிக்க முதலே கணக்குச் செய்யிறனாம்." கொப்பியைப் பார்த்தால் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. கதையில் எத்தனை எண் இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டி வைத்திருந்தாள். கூட்டல் ஒன்றுகூடப் பிழை இல்லை. விடைதான் பிழை.

இது எங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1980ஐ ஒட்டிய காலத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் சிறுவர்களிடம் ஒரு கேள்வி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்டனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு விடை எழுதினார்களாம். 26ஐயும் 10ஐயும் கூட்டினால் 36, ஒரு கப்டனுக்குப் பொருத்தமான வயதாகவும் இருக்கிறது, பிறகென்ன? அவர்கள் பிரெஞ்சு மொழியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஆகவே பிரச்சினை மொழி மட்டும் இல்லை. பள்ளியில் கேட்டால் விடை இருந்தேயாக வேண்டும், எண் கிடந்தால் அதைப் பாவித்தேயாக வேண்டும் என்ற பழக்கம்.

பழையவர்களுக்குத் தெரிந்த விஷயம், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறோம். ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து விடுகிறார்கள். கிம்னாசியமா, றியல்சூலேயா, கெசம்ற்சூலேயா என்று ஆரம்பப் பள்ளி ஒரு சிபார்சு எழுதும். நாங்கள் இருக்கும் நோர்த்ரைன் வெஸ்ற்பாலனில் அது நான்காம் வகுப்பின் அரையாண்டு அறிக்கையோடு வரும். இந்த மாநிலத்தில் கடைசி முடிவு பெற்றோருடையதுதான். வேறு மாநிலங்களில் சட்டம் வேறு, விசாரித்துக் கொள்ளுங்கள். ஆனால் சிபார்சை மறுத்து நிற்க டொச் கதைக்கத் தெரிந்திருக்க வேண்டும், துணிவு வேண்டும். தொழிற்சாலையில் நின்று வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் வந்த கடிதத்துக்குத் தலையாட்டி விடுவதுதான் வழமை. பத்து வயதில் எழுதப்படும் ஒரு கடிதம்.

எங்கள் இருவரின் படிப்பும் பாதியில் நின்றது. ஒருவர் 2008இல் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கக் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டவர். மற்றவர் ஒன்பதாம் வகுப்போடு சரி. மகளின் புத்தகத்தைத் திறந்தால் கணக்கு விளங்கும், அதைச் சுற்றியிருக்கும் டொச் விளங்காது. தனி வகுப்புக்கு அனுப்ப மணித்தியாலத்துக்குக் கேட்கும் காசு எங்களுக்குக் கட்டாது. அப்படியானால் எங்கள் கையில் என்னதான் இருக்கிறது என்று யோசித்ததில் வந்ததுதான் நொடி.

விடுகதை என்றும் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நொடி. நொடி போடுவது, நொடி அவிழ்ப்பது. 'ஒற்றைக்கால் ஆட்டுக்குட்டி' மாதிரியான நொடிகள் ஒரு வகை. கணக்கு நொடி இன்னொரு வகை. எங்களுக்குக் கணக்கு நொடி வந்தது பள்ளிக்கூடத்திலிருந்து அல்ல. 2009இல் மெனிக்பாம் முகாமில் தண்ணீர் வரிசையில். எங்கள் வரிசைக் கூடாரங்களில் ஒரு வயதான மாஸ்ரர் இருந்தார். கொப்பி இல்லை, பென்சில் இல்லை. வாளியோடு நிற்கும் பிள்ளைகளுக்கு நிலத்தில் தடியால் கீறி நொடி போடுவார். மரத்தில் பத்துக் குருவி, ஒன்றைச் சுட்டால் மிச்சம் எத்தனை என்ற பழைய நொடி எல்லோருக்கும் தெரியும். ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் பறந்துவிடும் என்பது விடை. மாஸ்ரர் அதைச் சுட்டால் என்று சொன்னதில்லை. "ஒரு பிள்ளை கைதட்டினால்" என்றுதான் சொல்வார். இப்போது மகளுக்குச் சொல்லும்போது நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

அவர் போட்ட முதல் கணக்கு நொடி இது. குளத்தில் சில தாமரைப் பூக்கள், மேலே சில வண்டுகள். பூவுக்கு ஒரு வண்டாக இருந்தால் ஒரு வண்டுக்கு இடமில்லை. பூவுக்கு இரண்டு வண்டாக இருந்தால் ஒரு பூ வெறுமையாக இருக்கும். பூ எத்தனை, வண்டு எத்தனை? கவனித்துப் பாருங்கள், இதில் கூட்டுவதற்கு எண்ணே இல்லை. எண்ணைக் கண்டால் கூட்டும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. மகள் முதலில் திகைத்து நின்றாள். பிறகு போத்தல் மூடிகளைப் பூவாகவும் பயறை வண்டாகவும் மேசையில் வைத்து அடுக்கத் தொடங்கினாள். பூ இரண்டென்று வைத்தாள், சரிவரவில்லை. மூன்றென்று வைத்தாள். மூன்று பூ, நான்கு வண்டு. அன்றைக்கு அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில்தான் வேலை. ஒருவர் காலை முறை என்றால் மற்றவர் பின்னேர முறை. பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லாதபடியால் அப்படிக் கேட்டு வாங்கியது. ஆகையால் வீட்டில் மூவரும் ஒன்றாக இருப்பது சனி ஞாயிறுதான். வேலைக்குப் போகிறவர் பிறிட்ஜ் கதவில் ஒரு நொடியை எழுதி ஒட்டிவிட்டுப் போவது என்று வைத்துக் கொண்டோம். தமிழில், பெரிய எழுத்தில். நொடி போட்டவர் வேலையில் நிற்பார். வீட்டில் நிற்பவருக்கு விடை தெரியாது, அல்லது தெரியாத மாதிரி இருக்க வேண்டும். ஆகவே விடை அடுத்த நாள்தான். இந்த ஒரு நாள் தாமதம் நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததல்ல, வேலை முறையால் வந்தது. ஆனால் பலன் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறோம். குளிக்கும்போதும் பள்ளிக்கு நடக்கும்போதும் பிள்ளை அதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கும். போனில் தேடக்கூடாது என்பது மட்டும் சட்டம்.

சரி, கொஞ்சம் பெரிய நொடிக்கு வருவோம். எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரிந்தது. வானத்தில் பறவைக் கூட்டம் ஒன்று போகிறது. கீழே மரத்தில் இருக்கும் பறவை "நூறு பேருக்கு வணக்கம்" என்கிறது. மேலே போகும் பறவை சொல்கிறது: "நாங்கள் நூறு பேர் இல்லை. நாங்களும், எங்களைப்போல இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு." கூட்டத்தில் எத்தனை பறவை?

படித்தவர்கள் x போடுவார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு x தேவையில்லை. ஆகச் சிறிய பங்கு எதுவென்று பாருங்கள். பாதியில் பாதி, அதாவது கால். அதை ஒரு கட்டு என்று வையுங்கள். அப்படியானால் பாதி இரண்டு கட்டு. கூட்டம் நான்கு கட்டு, இன்னொரு மடங்கு நான்கு கட்டு. 4, 4, 2, 1 எல்லாமாகப் பதினொரு கட்டு. மரத்துப் பறவை ஒன்றைக் கழித்தால் மிச்சம் 99. 99ஐப் பதினொன்றால் பிரித்தால் கட்டுக்கு 9. கூட்டம் 36.

இந்த 36க்குள் ஒரு புதினம் இருக்கிறது. இங்கிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள ஆஹன் நகரத்தில், ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்னர், கார்ல் பேரரசனின் அரண்மனையில் அல்குயின் என்றொரு ஆசிரியர் இருந்தார். அவரும் இந்த ஊர்க்காரர் இல்லை. இங்கிலாந்தின் யோர்க் நகரத்திலிருந்து 782 அளவில் வந்தவர், 804இல் இறந்தார். இளைஞரின் புத்தியைக் கூராக்குவதற்கென்று ஐம்பதுக்கு மேற்பட்ட நொடிகள் அடங்கிய லத்தீன் ஏடு ஒன்றை அவருடையது என்று சொல்கிறார்கள். அதில் வழியில் போகும் ஒருவன் எதிரே வரும் கூட்டத்தைப் பார்த்து, நீங்களும், உங்களைப்போல இன்னொரு மடங்கும் என்று தொடங்கி, கடைசியில் என்னையும் சேர்த்தால் நூறு என்று முடிக்கிறான். விடை 36. பறவைக்குப் பதிலாக மனிதர், மற்றதெல்லாம் ஒன்றுதான். யார் யாரிடம் கேட்டுப் படித்தார்களோ, அதை ஆராய்வது எங்கள் வேலை இல்லை. ஆனால் முகாமில் தடியால் கீறிய நொடி இங்கே எங்களுக்கு முன்னமே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அறிந்தபோது ஏதோ சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

அதே ஏட்டில்தான் ஓநாய், ஆடு, கோவா நொடியும் இருக்கிறது. எங்களுடையது புலி, ஆடு, புல்லுக்கட்டு. தோணியில் தோணிக்காரனோடு ஒன்றைத்தான் ஏற்றலாம். ஆள் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் எப்படி அக்கரை சேர்ப்பது? வேலைத்தலத்தில் இடைவேளையில் இதை ஒருநாள் மேசையில் ரொட்டித்துண்டும் சீனிப் பைக்கற்றும் வைத்துப் போட்டோம். எங்கள் பகுதியில் போலந்து, சிரியா, எரித்திரியா, ஆப்கானிஸ்தான் என்று எல்லாத் தேசத்தவரும் உண்டு. ஒருவருக்கும் டொச் நிரம்பத் தெரியாது. ஆடு என்று சொல்லத் தெரியாமல் 'மே' என்று கத்திக் காட்டினோம். சிரியாக்காரர் உடனே சிரித்துவிட்டார், அவருக்கு ஏற்கனவே தெரியும். போலந்துக்காரருக்கும் தெரியும். மூன்று வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று திருகாணி பொதி செய்தவர்கள் அன்றைக்குத்தான் ஐந்து நிமிடம் சேர்ந்து கதைத்தோம்.

விடை: முதலில் ஆட்டை அக்கரை விட்டு வெறுந்தோணியில் திரும்ப வேண்டும். பிறகு புலியை ஏற்றிக்கொண்டு போய், வரும்போது ஆட்டைத் திருப்பி ஏற்றிவர வேண்டும். ஆட்டை இக்கரையில் இறக்கிவிட்டுப் புல்லுக்கட்டைக் கொண்டுபோய்ப் புலியோடு விட்டு, வெறுந்தோணியில் வந்து கடைசியாக ஆட்டை ஏற்ற வேண்டும். எல்லாமாக ஏழு தடவை ஆற்றைக் கடக்க வேண்டும். பிள்ளைகள் மாட்டுப்படுவது நடுவிலேதான். அக்கரை சேர்த்ததைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று அவர்களுக்குத் தோன்றாது. "கூடாதென்று கேள்வியில் எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டால் போதும், திரும்ப வாசிப்பார்கள். எங்களுக்கு வேண்டியதும் அந்தத் திரும்ப வாசிப்புத்தான்.

சில நொடிகள் பழசாகிப் போயின என்பதையும் சொல்ல வேண்டும். கீழே மூன்று சுவிச், மேல்மாடியில் ஒரு மின்குமிழ், ஒரு தடவைதான் மேலே போகலாம், எந்தச் சுவிச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலாவதைக் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு நிறுத்தி, இரண்டாவதைப் போட்டுக்கொண்டு மேலே போக வேண்டும். எரிந்தால் இரண்டாவது, எரியாமல் சுட்டால் முதலாவது, எரியாமல் குளிர்ந்திருந்தால் மூன்றாவது. இதைச் சொன்னபோது மகள் கேட்டாள்: "எங்கட வீட்டிலை எல்லாம் எல்.ஈ.டி. தானே, அது சுடுமே?" நியாயமான கேள்வி. பழைய குமிழ் மாதிரி அது சுடாது. நொடியைப் பிழை பிடிக்கும் பிள்ளை நொடியை வாசித்திருக்கிறது என்று எங்களுக்குச் சந்தோஷம்.

இந்த நாட்டில் கணக்கென்றால் கௌஸ் என்ற பெயரைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. யூரோ வருமுன் இருந்த பத்து மார்க் தாளில் 1991 முதல் அவருடைய படம்தான். 1777இல் பிறவுண்ஸ்வைக்கில் ஒரு ஏழை வீட்டில் பிறந்தவர். தகப்பன் மேசன் வேலை, தோட்ட வேலை என்று கிடைத்த வேலை செய்தவர். ஒன்றிலிருந்து நூறு வரை கூட்டச் சொல்லி வாத்தியார் கொடுத்த கணக்கைச் சிறுவன் கௌஸ் நொடிப்பொழுதில் செய்து முடித்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். முதலையும் கடைசியையும் சேர்த்தால் 101, இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் சேர்த்தாலும் 101, அப்படி ஐம்பது சோடி, ஆக 5050. எங்களுக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய தாயைப் பற்றிய கதை. அந்த அம்மாவுக்கு எழுத்தறிவு பெரிதாக இல்லை. மகன் பிறந்த திகதியை எழுதி வைக்கவுமில்லை. யேசுநாதர் விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. மகன் வளர்ந்து அந்த நொடியை அவிழ்த்தார். எந்த வருடத்துக்கும் ஈஸ்ரர் ஞாயிறு எப்போது வரும் என்று கணிக்க ஒரு முறையே கண்டுபிடித்தார்.

நீங்களும் செய்து பாருங்கள். 1777இல் ஈஸ்ரர் ஞாயிறு மார்ச் 30. அதை முதல் நாளாக எண்ணி நாற்பதாவது நாள் விண்ணேற்றத் திருநாள், எங்களுக்கு வேலை விடுமுறை கிடைக்கிற அந்த வியாழக்கிழமை. மார்ச்சில் இரண்டு நாள், ஏப்ரலில் முப்பது, மிச்சம் எட்டு. ஆகவே மே 8. எட்டு நாள் பின்னுக்குப் போனால் ஏப்ரல் 30. அதுதான் அவர் பிறந்த நாள். எங்களோடு வேலை செய்யும் ஆப்கானிஸ்தான்காரருக்கு அடையாள அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1. திகதி தெரியாதவர்களுக்கு அப்படித்தான் போட்டு விடுவார்களாம். கௌசின் கதையை அவருக்கு அரைகுறை டொச்சில் சொன்னோம். தன் தாய் சொன்னதெல்லாம் மல்பெரி பழுத்த காலம் என்பதுதான் என்றார். அதை எந்தக் கணக்கால் அவிழ்ப்பது?

தொழிற்சாலையில் எங்கள் வேலை தளபாடங்களுக்குரிய திருகாணிகளைப் பைகளில் போடுவது. ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. எண்ணும் தராசு இருக்கிறது, நிறையைக் கொண்டு அதுவே எண்ணிக்கை சொல்லும். அதைப் பார்த்துத்தான் இந்த நொடியைப் பிறிட்ஜில் ஒட்டினோம். பத்துப் பெட்டி திருகாணி. ஒரு திருகாணி 10 கிராம். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் எல்லாத் திருகாணியும் 9 கிராம். தராசில் ஒரு தடவை மட்டும் நிறுக்கலாம். எந்தப் பெட்டி? இது இரண்டு நாள் ஒட்டிக் கிடந்தது. முதற்பெட்டியில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு என்று பத்தாவதில் பத்து எடுக்க வேண்டும். எல்லாமாக 55 திருகாணி. எல்லாம் சரியென்றால் 550 கிராம் வர வேண்டும். மூன்று கிராம் குறைந்தால் மூன்றாம் பெட்டி, ஏழு குறைந்தால் ஏழாம் பெட்டி. 55 வந்ததும் கௌஸ் செய்த மாதிரித்தான், பதினொன்று ஐந்து தரம்.

காசு நொடிகளையும் விட்டுவிட முடியாது. அவை பெரியவர்களுக்கும் வேண்டியவை. மூன்று பேர் சாப்பிட்டு ஆளுக்கு 10 யூரோவாக 30 கொடுத்தார்கள். முதலாளி கணக்கு 25தான் என்று 5 யூரோவைத் திருப்பி அனுப்பினார். கொண்டு வந்தவன் 2 யூரோவைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தான். இப்போது ஆளுக்கு 9 யூரோ, மூன்று பேருக்கும் 27. அவனிடம் 2. ஆக 29. மிச்சம் ஒரு யூரோ எங்கே? எங்கேயும் போகவில்லை. 27க்குள்தான் அந்த 2ம் இருக்கிறது. முதலாளியிடம் 25, அவனிடம் 2. கூட்டக்கூடாததைக் கூட்டச் சொல்லித்தான் கேள்வி ஆளை ஏய்க்கிறது. கடையில் பாதி விலை, அதற்கு மேலும் 20 வீதம் கழிவு என்று எழுதியிருந்தால் 70 வீதம் என்று கூட்டாதீர்கள். 100 யூரோ குளிர்ச்சட்டை முதலில் 50 ஆகும், அந்த 50இல் 20 வீதம் 10, விலை 40. கழிவு 60 வீதம்தான். தேத்தண்ணீரும் பணிசும் சேர்ந்து 1 யூரோ 10 சதம், தேத்தண்ணீர் பணிசைவிட 1 யூரோ கூட, பணிஸ் என்ன விலை? 10 சதம் என்று வாய் முந்தும். விடை 5 சதம். இதே அமைப்பில் மட்டையும் பந்தும் வைத்து ஷேன் பிரெடெரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005இல் ஒரு கட்டுரை எழுதினார். பெயர்பெற்ற பல்கலைக்கழக மாணவர்களிலும் பலர் 10 என்றே சொன்னார்களாம்.

எங்கள் மொழியிலும் இந்த வித்தை பழசு. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் பிரிக்க வேண்டும். சரியா என்று பார்க்க இங்கே முழுப் பலாப்பழம் வாங்க எங்களுக்குக் கட்டுபடியாகாது. யாராவது வாங்கினால் எங்களையும் கூப்பிடுங்கள்.

நொடி போட நினைக்கும் பெற்றோருக்கு அனுபவத்தில் கண்ட ஒன்றிரண்டு. ஒரே நாளில் பத்து நொடி போடாதீர்கள், அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டு போதும். வந்திருக்கும் ஆட்களுக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி நொடி கேட்கவே வேண்டாம். எங்கள் சமூகத்தில் அந்தப் பழக்கம் கொஞ்சம் கூட. அடைப்புக்குறியைப் போட்டு இரண்டு விதமாக விளங்கும்படி எழுதி இதற்கு விடை என்ன என்று சண்டை மூட்டும் கணக்குகள் சில சுற்றித் திரிகின்றன. அவை நொடியே அல்ல, எழுதினவர் ஒழுங்காக எழுதவில்லை, அவ்வளவுதான். தமிழில் நொடி போட்டால் டொச் கணக்குக்கு எப்படி உதவும் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில்: கேள்வி என்ன கேட்கிறது என்று நின்று பார்க்கும் பழக்கத்தை எந்த மொழியில் பழகினாலும் அது கூடவே வரும். சொற்களை அவள் பள்ளியில் படித்துக்கொள்வாள்.

அரையாண்டு அறிக்கை இன்னும் வரவில்லை. கடிதத்தில் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. போன கிழமைச் சோதனையில் ஆறு வசனக் கணக்கில் நான்கு சரி, இரண்டு பிழை. பிழையான இரண்டிலும் அவள் எண்களைக் கூட்டி வைக்கவில்லை. ஒன்றில் கேள்விக்குக் கீழே கோடு போட்டுவிட்டு நேரம் போதாமல் விட்டிருந்தாள். மற்றதில் பக்கத்தில் படம் கீறியிருந்தாள்.

கடைசியாக, மாஸ்ரர் எங்களுக்குப் போட்ட நொடிகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒருவரிடம் 9 பசுக்கள். முதலாவது ஒரு படி பால் கறக்கும், இரண்டாவது இரண்டு படி, அப்படியே ஒன்பதாவது ஒன்பது படி. மூன்று பிள்ளைகள். ஆளுக்கு மூன்று பசு கிடைக்க வேண்டும், பாலும் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 81 பசுவும் 9 பிள்ளைகளும் என்று பெரிதாக்கியும் போடலாம், அப்போது ஆளுக்கு 9 பசு, 369 படி. சின்னதே போதும். பால் மொத்தம் 45 படி, ஆளுக்கு 15. மாஸ்ரர் சொல்லித் தந்த விடை 2, 7, 6 ஒரு பிள்ளைக்கு, 9, 5, 1 அடுத்த பிள்ளைக்கு, 4, 3, 8 கடைசிப் பிள்ளைக்கு. மகள் அடுத்த நாள் காட்டிய விடை வேறு. 2, 9, 4 என்றும் 7, 5, 3 என்றும் 6, 1, 8 என்றும் எழுதியிருந்தாள். கூட்டிப் பார்த்தோம், எல்லாம் 15. இரண்டையும் இப்படி ஒரு சதுரமாக எழுதலாம். குறுக்கே வாசித்தால் மாஸ்ரருடைய விடை, மேலிருந்து கீழே வாசித்தால் அவளுடையது.

2   7   6
9   5   1
4   3   8